அஞ்சு பெட்டியும் முப்பது எடையும்

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில் எங்கள் வீடு. சுற்றிலும் ரப்பர் தோட்டம். எங்களுக்குச் சொந்தமாக மரம் கொஞ்சம்தான். தேன்பெட்டி அறுபது இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து வீட்டுக்குச் சோறு போடுவது அந்தப் பெட்டிகள். மார்கழியில் ரப்பர் இலை உதிரும். தையில் செம்பு நிறத்தில் தளிர் வரும். அது விரிந்து பச்சை பிடிக்கிற நேரத்தில், ஒரு காம்பில் உள்ள மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் இருக்கிற சிறு சுரப்பிகளில் தேன் ஊறும். பூவில் இல்லை, இலைக்காம்பில். மாசி, பங்குனியில் அதுதான் எங்கள் அறுவடை.

இலையில் தேன் உண்டு, மகரந்தம் கிடையாது. சீசனுக்கு முன்னால் கூட்டில் ஈ பெருகணுமென்றால் புழுவுக்கு மகரந்தம் வேண்டும். அதற்கு ஈடாகப் பொரிகடலை மாவு, பொடித்த சீனி, கொஞ்சம் தேன் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டையை எண்ணெய்த்தாளில் தட்டி புழு அறைச் சட்டங்களுக்கு மேலே வைப்பார்கள். வைத்தால் தேன் கூடும் என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்யும். வீண் செலவு என்று இன்னொரு கூட்டம் சொல்லும். ரெண்டு பேரும் அவரவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். சரி, எடை போட்டே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். அந்த ரெண்டு சீசன் வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வருஷம் நியூட்டன் வகைத் தேன்பெட்டி பத்து எடுத்தேன். எல்லாவற்றிலும் ஈ மூடிய சட்டம் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. ஒன்று முதல் பத்து வரை சீட்டு எழுதி, மடித்து, குலுக்கி, முதலில் வந்த ஐந்து பெட்டிக்கு மாவுத் தீனி. மற்ற ஐந்துக்கு இல்லை. சீனிப்பாகு பத்துக்கும் ஒரே அளவு. தேன் அறையைத் தூக்கி வைப்பதற்கு முன்பே எல்லாத் தீனியையும் நிறுத்திவிட்டேன். இல்லாவிட்டால் நாம் கொடுத்த சீனியையே தேனென்று எடை போடுவோம்.

தேன் எடுக்கிற நாளில் எடை போடுவது பார்க்க எளிது, செய்யக் கடினம். சட்டத்தைத் தூக்கி, ஈயைக் கூட்டிவிட்டு, தராசில் வைத்து எழுதணும். மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, டிரம்மில் சுற்றி, காலி அடையைத் திரும்ப அதே தராசில் வைத்து எழுதணும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தேன். சீவிய மூடியில் ஒட்டிய தேனைத் தனிப் பாத்திரத்தில் வடித்து அந்தப் பெட்டிக் கணக்கிலேயே சேர்க்கணும். முதல் தடவை நான் அதை விட்டுவிட்டேன். பத்துப் பெட்டிக்கும் ஒரேபோல விட்டதால் பெரிய சேதமில்லை. ரெண்டாம் தடவையிலிருந்து சேர்த்தேன். சீசனில் ஒரு பெட்டிக்கு ஆறு தடவை தேன் எடுத்தேன்.

மொத்தக் கணக்கு, கிலோவில். தீனி வைத்தவை: 11.2, 7.4, 13.0, 9.1, 10.8. சராசரி 10.3. வைக்காதவை: 8.0, 9.6, 6.2, 9.7, 11.5. சராசரி 9.0. வித்தியாசம் 1.3 கிலோ.

பெட்டிக்கு ஒன்றே கால் கிலோவுக்கு மேல் என்றால் அறுபது பெட்டிக்கு எவ்வளவு! ஆனால் இது தீனியால் வந்ததா, தானாக வந்ததா? டி சோதனை போட்டால் தெரியும் என்று எங்கோ படித்திருந்தேன். லேப்டாப்பில் எக்செல் இருந்தது. ஆறு தடவையும் எழுதிய எடையை அப்படியே அடித்தேன்: தீனி வரிசையில் முப்பது எண், தீனி இல்லாத வரிசையில் முப்பது எண். டி.டெஸ்ட் என்ற சூத்திரத்துக்கு இரண்டு வரிசையையும் காட்டினேன். பி மதிப்பு, அதாவது தீனியால் ஒன்றும் ஆகாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தானாக வருகிற வாய்ப்பு, 0.04 என்று வந்தது. 0.05க்குக் கீழே வந்தால் வித்தியாசம் குறிப்பிடத்தக்கது என்பது வழக்கம். சந்தோஷத்தில் தெரிந்த நாலு பெட்டிக்காரர்களுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அதில் ஒருவர் அடுத்த வாரமே பொரிகடலை மூட்டையாக வாங்கினார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு உறுத்தும்.

அக்கா மகள் எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம் பெருமையாகக் காட்டினேன். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"எத்தன பெட்டிக்கு மாமா மாவு வச்சிய?"

"அஞ்சு."

"அப்போ இந்த முப்பது?"

"எடுத்தது ஆறு தடவல்லா மக்ளே."

"தடவ ஆறு, செரி. பெட்டி அஞ்சு தானே? ஒரே பெட்டிய ஆறு தரம் தூக்கி எட போட்டா அது ஆறு பெட்டி ஆயிருமா?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. நல்ல ராணி இருக்கிற பெட்டி ஆறு தடவையும் நன்றாகத்தான் தரும். மெலிந்த பெட்டி ஆறு தடவையும் மெலிந்துதான் தரும். அந்த ஆறு எடையும் தனித்தனிச் சாட்சி இல்லை, ஒரே சாட்சி ஆறு தரம் பேசியது. தீனி கொடுத்தது பெட்டிக்கு, சீட்டுக் குலுக்கியது பெட்டியை. ஆகவே மாதிரியின் எண்ணிக்கை என்பது பெட்டி எண்ணிக்கைதான்.

பெட்டிக்கு ஒரு எண் வீதம் ஐந்துக்கு ஐந்து என்று வைத்துத் திரும்பப் போட்டோம். பி மதிப்பு 0.35. அதே தேன், அதே தராசு, அதே 1.3 கிலோ வித்தியாசம்.

அன்று சாயங்காலம் அவள் கணக்கை எக்செலில் இல்லாமல் நோட்டில் போட்டுக் காட்டினாள். அதை இங்கே தருகிறேன், ஏனென்றால் கையால் ஒரு தரம் போட்டால்தான் எண்ணிக்கை எங்கே நுழைகிறது என்று தெரியும். டி என்பது ஒரு வகுத்தல். மேலே, ரெண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம்: 1.3. கீழே, அந்த வித்தியாசம் தானாகவே எவ்வளவு ஆடும் என்பது. அதற்குத் திட்டப்பிழை என்று பெயர். என் பெட்டிகளின் எடை ஒன்றுக்கொன்று விலகியிருக்கிற அளவு, அதாவது திட்டவிலக்கம், ரெண்டு குழுவையும் சேர்த்துப் பார்த்தால் 2.07 கிலோ. குழுவுக்கு ஐந்து பெட்டி என்பதால் அதை 2/5இன் வர்க்கமூலத்தால் பெருக்கணும். 1.31 வருகிறது. ஆக டி என்பது 1.3ஐ 1.31ஆல் வகுத்தது, ஒன்றுக்கு ஒரு முடி குறைவு. தானாக ஆடுகிற ஆட்டமே 1.3 கிலோ இருக்கும்போது 1.3 கிலோ வித்தியாசத்தை வைத்து என்ன சொல்ல முடியும்?

இதே 1.3, இதே 2.07, ஆனால் குழுவுக்கு இருபது பெட்டி என்று வைத்துக்கொண்டால்? திட்டப்பிழை 0.65 ஆகிறது. டி 1.99. எண்பது வைத்தால் 3.98. பெட்டியை நாலு மடங்கு ஆக்கினால் டி ரெண்டு மடங்குதான் ஆகிறது, வர்க்கமூலம் நடுவில் நிற்பதால். இது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பத்துப் பெட்டியை இருபதாக்கினால் தெளிவு ரெட்டிப்பாகும் என்று நினைத்திருந்தேன், நாற்பதாக்க வேண்டும்.

எண்ணிக்கை இன்னொரு வாசல் வழியாகவும் நுழைகிறது. டி எவ்வளவு வந்தால் பி மதிப்பு 0.05க்குக் கீழே இறங்கும் என்ற எல்லைக்கோடே பெட்டி எண்ணிக்கையைப் பொறுத்தது. குழுவுக்கு ரெண்டு பெட்டி என்றால் கோடு 4.303இல் நிற்கும். ஐந்துக்கு 2.306. இருபதுக்கு 2.024. எவ்வளவு போனாலும் 1.96க்குக் கீழே இறங்காது. சின்ன மாதிரியில் திட்டவிலக்கத்தையே நாம் குத்துமதிப்பாகத்தான் அறிகிறோம், அந்தச் சந்தேகத்துக்கான அபராதம்தான் இந்த உயர்ந்த கோடு. இதைக் கண்டுபிடித்தவர் வில்லியம் சீலி காசெட். டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர். பார்லியும் ஹாப்ஸும் சோதிக்கிற இடத்தில் நாலைந்து மாதிரிக்கு மேல் கிடைக்காது, ஆனால் முடிவு சொல்லியாக வேண்டும். 1908இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் கட்டுரை வெளியிட்டார். அதனால்தான் இன்றும் அது ஸ்டூடன்டின் டி. நாலைந்து பெட்டி வைத்துக்கொண்டு முழிக்கிற என்னைப் போன்றவருக்காகவே பிறந்த சோதனை என்று தெரிந்தபோது அந்த மனிதர்மேல் ஒரு ஒட்டுதல் வந்தது.

அவர் அந்தக் கட்டுரைக்காகச் செய்த வேலை எனக்கு இன்னும் பிடித்தது. 3000 பேரின் உயரத்தையும் நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நாலு நாலாகப் பிரித்து 750 மாதிரி உண்டாக்கி, தன் சூத்திரம் சரியா என்று பார்த்திருக்கிறார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். நாமும் அதையே செய்தாலென்ன?

அப்பாவின் பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. பெட்டி பெட்டியாக எடை எழுதியது. 1991, 92இல் தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீப் புழு நோய் வந்து தென்னாட்டில் பெரும்பகுதி கூடுகள் அழிந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஒரு சீசனை வைத்து எதையும் நம்பமாட்டார், எல்லாவற்றையும் எழுதிவைப்பார். மாவுத் தீனியே கேள்விப்படாத ஒரு வருஷத்தின் அறுபது பெட்டி எடையை அறுபது சீட்டில் எழுதி, எவர்சில்வர் குடத்தில் போட்டுக் குலுக்கினேன். கண்ணை மூடி ஐந்து சீட்டு எடுத்து இடப்பக்கம், ஐந்து எடுத்து வலப்பக்கம். சராசரி, வித்தியாசம், நோட்டில் ஒரு வரி. சீட்டைத் திரும்பக் குடத்தில் போடு. இப்படி இருபது தடவை.

இருபதில் ஏழு தடவை வித்தியாசம் 1.3 கிலோவையோ அதற்கு மேலேயோ தொட்டது. ஒரு தடவை 2.6. யாருக்கும் தீனி கொடுக்கவில்லை, எல்லாம் ஒரே குடத்துச் சீட்டு. அப்புறம் இருபதுக்கு இருபது எடுத்தேன். இதற்கு ஒரு ராத்திரி ஆனது. இருபது தடவையில் ஒரே ஒரு தரம்தான் 1.3ஐத் தொட்டது. 0.35 என்ற பி மதிப்பு சொன்னது இதைத்தான்: தீனியால் ஒன்றுமே ஆகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஐந்துக்கு ஐந்தில் இவ்வளவு வித்தியாசம் மூன்றில் ஒரு தடவை போல வரும். குடத்தில் கை விட்டுப் பார்த்த பிறகு அந்த எண்ணை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. டி சோதனையைப் படிக்கிற பிள்ளைகள் சூத்திரத்துக்கு முன்னால் இப்படி ஒரு குடத்தை வைத்து உட்காரணும் என்பது என் ஆசை.

இதனால் தீனி பலனில்லை என்று ஆகிவிடாது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 0.35 வந்ததும் "பாரு, நான் சொன்னேன்லா, வீண் செலவு" என்றார் தீனி வேண்டாம் கட்சி நண்பர் ஒருவர். ஐந்து பெட்டிக் கணக்கு தருகிற 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான பலன் எங்கே இருக்கலாம் என்ற வரம்பு, 1.7 கிலோ நஷ்டத்திலிருந்து 4.3 கிலோ லாபம் வரை நீள்கிறது. இல்லை என்று சொல்லவும் அதில் பலமில்லை, உண்டு என்று சொல்லவும் பலமில்லை.

உண்மையிலேயே 1.3 கிலோ பலன் இருந்தால் ஐந்துக்கு ஐந்து சோதனை அதைப் பிடிக்குமா? அதை எக்செலிலேயே ஓட்டிப் பார்த்தோம். 9.0 சராசரியில் ஐந்து, 10.3 சராசரியில் ஐந்து, ரெண்டுக்கும் திட்டவிலக்கம் 2.07 என்று தற்செயல் எண் தருகிற ரேண்ட் சூத்திரத்தால் எண் உண்டாக்கி, ஆயிரம் வரி. ஆயிரத்தில் 143 வரிகள்தான் 0.05க்குக் கீழே போயின. ஏழு பெட்டிக்காரர் தனித்தனியாக இதே சோதனை செய்தால் ஒருவருக்குத்தான் "உண்டு" என்று வரும். அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது இன்னொன்று. அந்த 143 வரிகளில் பெரும்பாலானவற்றில் வித்தியாசம் இரண்டரை கிலோவுக்கு மேல். குழுவுக்கு ஐந்து பெட்டியும் 2.07 திட்டவிலக்கமும் என்றால் மூன்று கிலோ வித்தியாசம் இருந்தால்தான் கோட்டையே தாண்ட முடியும். அப்படியென்றால் சின்னச் சோதனையில் ஜெயித்து வருகிற செய்தி ஊதிப்போய்த்தான் வரும். "மூணு கிலோ கூடிச்சு" என்று டீக்கடையில் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஏழில் ஒருவராக அவருக்கு அப்படி விழுந்திருக்கிறது. விழாத ஆறு பேரும் டீக்கடையில் அதைப் பேசுவதில்லை.

எத்தனை பெட்டி வேண்டும் என்பதற்கு அவள் ஒரு கைக்கணக்கு சொன்னாள்: திட்டவிலக்கத்தை நீ பிடிக்க நினைக்கிற வித்தியாசத்தால் வகு, வர்க்கப்படுத்து, 16ஆல் பெருக்கு. அது குழுவுக்கு வேண்டிய எண்ணிக்கை. ஐந்தில் நாலு தடவை பிடிக்கும். எனக்கு 41 வந்தது. ரெண்டு குழுவுக்கு 82 பெட்டி. என்னிடம் இருப்பதே அறுபது.

ஒரு யோசனை தோன்றியது. தீனி வைக்காத பெட்டி ஊரில் எத்தனையோ. பக்கத்துத் தோட்டக்காரர் எடையையும் வாங்கி அந்தப் பக்கம் சேர்த்தால்? தீனி ஐந்து, தீனி இல்லாதது இருபத்தைந்து என்று போட்டால் டி 1.28க்குத்தான் ஏறுகிறது. அதே முப்பதைப் பதினைந்து பதினைந்தாகப் பிரித்தால் 1.72. ஐந்தை ஐந்தாகவே வைத்துக்கொண்டு மறுபக்கம் ஆயிரம் சேர்த்தாலும் 1.41ஐத் தாண்டாது. சின்னக் குழு பெரிய குழுவின் காலைப் பிடித்து இழுக்கும். அந்த யோசனையை விட்டேன்.

வழி வேறு பக்கம் இருந்தது. என் பெட்டிகள் ஒரே இடத்தில் இல்லை. திருவட்டாறு, களியல், கடையாலுமூடு, அருமனை பக்கமெல்லாம் தோட்டக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். களியலில் தளிர் ஒரு வாரம் முந்தி வரும். ஒரு தோட்டத்தில் மரம் இளசு, இன்னொன்றில் வயசானது. எடை ஆடுவதில் பெரும்பங்கு இடத்தால் வருவது. அப்படியானால் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு பெட்டி வைத்து, நாணயம் சுண்டி ஒன்றுக்கு மட்டும் தீனி வைத்தால், இடத்தின் ஆட்டம் கழிபட்டுப் போகும். ஜோடிக்குள் வரும் வித்தியாசத்தை மட்டும் பார்க்கலாம். எக்செலில் டி.டெஸ்ட் சூத்திரத்தின் கடைசி எண்ணை 2க்குப் பதில் 1 என்று போடணும். ஆனால் ஜோடி சேர்ப்பது சோதனைக்கு முன்னால் நடக்கணும். எடை வந்த பிறகு பொருத்தமான பெட்டிகளைத் தேடி ஜோடி சேர்த்தால் அது கணக்கே இல்லை.

ரெண்டாம் வருஷம் பன்னிரண்டு இடத்தில் பன்னிரண்டு ஜோடி வைத்தேன். ஓர் இடத்தில் தீனி வைத்த கூடு ஓடிப்போனது. இன்னோர் இடத்தில் தீனி வைக்காத பெட்டியில் மெழுகுப் பூச்சி விழுந்தது. இரண்டு ஜோடி போக மீதி பத்து. நடுவில் கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது என்று அக்கா மகள் முதலிலேயே சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவை தேன் எடுத்ததும் சோதனை போட்டு, 0.05க்குக் கீழே போன அன்றைக்கு நிறுத்தினால் குடத்துச் சீட்டுகூட ஜெயித்துவிடும். சீசன் முடிகிற வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

பத்து ஜோடியின் வித்தியாசம், கிலோவில்: 1.9, 0.4, 2.6, குறை 0.8, 1.5, 0.9, 3.1, குறை 0.3, 1.2, 1.7. ரெண்டு இடத்தில் தீனி இல்லாத பெட்டிதான் கூடத் தந்தது. சராசரி 1.22. வித்தியாசங்களின் திட்டவிலக்கமும் 1.22தான், அதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை 0.39. டி 3.16. பத்து ஜோடிக்குக் கோடு 2.262. பி மதிப்பு 0.01க்கு அருகே. பத்தும் பத்தும் இருபது பெட்டிதான். ஆனால் ஜோடி சேர்த்ததால், சேர்க்காமல் எண்பத்திரண்டு கேட்ட வேலையை இருபது செய்துவிட்டது.

போன வருஷம் அவசரப்பட்டுப் போன் பண்ணியவர்களுக்கெல்லாம் திரும்பப் பண்ணினேன். முன்பு சொன்ன 0.04 தப்பு, அது ஏன் தப்பு, இப்போது பத்து ஜோடியில் என்ன வந்திருக்கிறது என்று மூன்றையும் சொன்னேன். பொரிகடலை மூட்டை வாங்கியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "செலவு போக மிச்சம் நிக்குமா?"

பி மதிப்பு அதற்குப் பதில் சொல்லாது. அது பலன் பூஜ்ஜியமா என்பதை மட்டும் பார்க்கிறது. மூவாயிரத்து நானூறு பெட்டி இந்தப் பக்கமும் அத்தனை அந்தப் பக்கமும் வைத்தால் நூறு கிராம் வித்தியாசத்தைக்கூடக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடலாம். நூறு கிராம் தேனுக்காக யார் மாவு பிசைவார்? மாவு, சீனி, வண்டிக்கு எண்ணெய், என் உழைப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெட்டிக்கு ஆகிற செலவு அரைக் கிலோ தேனின் விலை. பத்து ஜோடியின் நம்பிக்கை இடைவெளி 0.35 கிலோவிலிருந்து 2.09 கிலோ வரை. அரைக் கிலோ அதற்குள்ளேயே கிடக்கிறது. பலன் உண்டு என்று சொல்லலாம். பணம் நிற்கும் என்று இன்னும் அடித்துச் சொல்ல முடியாது. அவரிடமும் அப்படியே சொன்னேன்.

இடைவெளியை இருபக்கமும் ஏறக்குறைய அரைக் கிலோவுக்குச் சுருக்க 24 ஜோடி வேண்டும். ஓடிப்போவதற்கும் பூச்சிக்கும் சேர்த்து 26 என்று முடிவு செய்திருக்கிறேன். என்னிடம் இருபது இடம் இருக்கிறது. மீதி ஆறு இடம் அந்தப் பொரிகடலை மூட்டைக்காரர் தருகிறார், பெட்டியும் அவருடையதே. கார்த்திகை கடைசியில் பெட்டிகளுக்கு எண் எழுதிவிட்டோம். நேற்றுத்தான் திண்ணையில் உட்கார்ந்து நாணயம் சுண்டினோம், அவர் சுண்ட நான் எழுத. தலை விழுந்தால் இடப்பக்கப் பெட்டிக்குத் தீனி. இருபத்தாறில் பதினேழு தலை.